புலி குனிந்தால் கிட்னி உண்டு

ஒரு காட்டில் ஒரே ஒரு டயாலிசிஸ் மிஷின் இருந்தது. அதன் முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்குக் கிரியாட்டினின் எவ்வளவு?" என்று மாமியார் வீட்டு நலம் விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொள்ளும் மிருகங்கள் பல இருந்தன. அந்த பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் அம்பலவாணன் என்கிற முள்ளம்பன்றி. ஓரமாக உட்காரவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார்.

உடம்பெல்லாம் ஊசி. ஆனால் நர்ஸ் கொக்கு ஒரே ஒரு ஊசியைக் கையில் எடுத்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வீடோ ஆற்றங்கரையில். ஒரு நாளைக்கு ஒரு சிரட்டைத் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் மரங்கொத்தி கொத்திக் கொத்திச் சொல்லியிருந்தார். ஆறு சலசலவென்று ஓடும். அம்பலவாணன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொள்வார்.

மனைவி தில்லைநாயகி தன் கிட்னியில் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். ரத்த வகை சேரவில்லை.

"இத்தனை வருஷத்துல எதுலதான் சேர்ந்துச்சு" என்றாள் அவள்.

டாக்டர் அவளை மட்டும் தனியே கூப்பிட்டு, "அடுத்த மழைக்குள்ள யாராவது குடுத்தாத்தான் உண்டும்மா. மிஷினை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது. உடம்பு தாங்காது" என்றார்.

யாராவது கொடுப்பார்களா?

அதைத் தெரிந்துகொள்ள, புள்ளிவிவர அலுவலர் ஆந்தையின் ஆண்டறிக்கையைக் கேட்க வேண்டும். ஆந்தை கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி இப்படித்தான் வாசிக்கும்:

"பேரன்புமிக்க வனவாசிகளே. உறுப்பு தானத்தில் நமது காடு மகத்தான சாதனை படைத்துள்ளது. சென்ற ஆண்டு ஒருவர் வழங்கினார். இவ்வாண்டு இருவர். வளர்ச்சி, நூறு விழுக்காடு."

பலத்த கைதட்டல். காத்திருப்போர் வரிசை எத்தனை விழுக்காடு வளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் கைதட்டியிருப்பார்கள்.

ஆரம்ப வருஷங்களில் பயம்தான் வளர்ந்தது. நரி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியது. "சொந்தங்களே, ஆஸ்பத்திரியில அசந்து தூங்குனா ஈரலை உருவிடுறாங்க. என் மச்சானுக்கு நடந்த உண்மைச் சம்பவம். உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாக் குரூப்லயும் போடுங்க." நரிக்கு மச்சானே கிடையாது. இருந்தாலும் வார்டில் படுத்த கரடிகூடக் குளிர்காலம் முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தது.

அப்புறம், உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்கள் கொடுக்கும் காலம் வந்தது. ஆண் குரங்குக்குப் பெண் குரங்கு கொடுத்தது. கிடாவுக்கு ஆடு கொடுத்தது. சேவலுக்குப் பெட்டை கொடுத்தது. இன்னொரு பெட்டைக்குத் தேவைப்பட்டபோது அதன் சேவல், "நான் குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? விடிகாலைல கூவுற உத்தியோகம். தம் கட்டக் கூடாதும்பாங்க" என்று கொண்டையைச் சொறிந்தது. ஆந்தை அறிக்கையில் எழுதியது: "மகளிர் பங்கேற்பு போற்றத்தக்கது."

அதற்கடுத்து உறுதிமொழிக் காலம். ஆளாளுக்கு அட்டையை நெஞ்சோடு பிடித்து செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். முதல் ஆளாக ஆமை வைத்தது. அது இன்னும் நூற்றைம்பது வருஷம் இருக்கும். ஈசலும் வைத்தது. மற்றவர்கள் ஊருக்கெல்லாம் சொன்னார்கள், வீட்டில் மட்டும் சொல்ல மறந்தார்கள். வேளை வந்தபோது வீட்டார், "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கையை விரித்தார்கள்.

கடைசியில் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. மூளைச்சாவு அடைந்து உறுப்பு கொடுத்தவருக்கு இறுதி மரியாதை. மயில்கள் அணிவகுக்கும். கலெக்டர் புலி நேரில் வந்து மலர்வளையம் வைத்துத் தலை குனியும். எதிர்ச்சரிவில் கரடி வீட்டில்தான் அது முதலில் நடந்தது. காடே திரண்டு போய்ப் பார்த்தது. பார்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தது.

இந்த நிலையில்தான் பலாப்பழ சீசன் வந்தது.

சீசனில் மரத்தடியில் நடப்பவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். ராசமாணிக்கம் என்கிற கடமான் சட்டத்தை மதிப்பவர். ஹெல்மெட் இல்லாமல் வெளியே வர மாட்டார். அதை இடது கொம்பில் மாட்டிக்கொண்டு வருவார். பழம் நடு மண்டையில் விழுந்தது.

டாக்டர்கள் நாலு பேர், இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்த்தார்கள். மூளை நின்றுவிட்டது. மூச்சை மிஷின் விட்டுக்கொண்டிருந்தது.

வராந்தாவில் அவர் மனைவி பூங்கோதை, தம்பி குணசீலன், தாய்மாமன் வேலாயுதம் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய்ப் பேச வேண்டியவள் ரோஸ்லின் மைனா. அழுதுகொண்டிருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உறுப்பு கேட்பது அவள் வேலை. காட்டிலேயே யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்காத வேலை.

"நெஞ்சு துடிக்குதேம்மா" என்றாள் பூங்கோதை. "தொட்டுப் பாத்தேன். சூடா இருக்காரு."

"மிஷினை நிப்பாட்டினா அதுவும் நின்னுரும்மா. உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்."

மைனா சிறகை ஒடுக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்த குரலில் ஆரம்பித்தாள். "இந்தத் துயரமான தருணத்திலும் பல உயிர்களுக்கு ஒளியேற்றக்கூடிய ஒரு வாய்ப்பு..."

வேலாயுதம் கையைக் காட்டி நிறுத்தினார். "பாப்பா, நீ சின்னப் பறவை. அடுத்த பிறவியில எங்க மாப்பிள்ளை கிட்னி இல்லாமப் பொறந்தா நீயா குடுப்ப?"

"போன பிறவியில முழுசாத்தான புதைச்சிருப்பாங்க? எல்லாம் மக்கிப் போயிருக்கும். இந்தப் பிறவியில குறையில்லாமத்தான பொறந்தாரு?"

வேலாயுதம் இரண்டு தடவை அசைபோட்டார். "சாவு வீட்டுல பெரியவங்களை எதிர்த்துப் பேசக் கூடாது" என்றார்.

குணசீலன் கேட்டான். "குடுத்தா யாருக்குப் போகும்? எங்க மானுங்களுக்கா?"

"வரிசையில யார் முன்னாடி, யாருக்கு ரத்தம் சேருதுன்னு பாத்துக் குடுப்பாங்க. பேரு சொல்ல மாட்டோம்."

"அப்ப ஏதாவது ஓநாய்க்குப் போகும். அது எங்க அண்ணன் கிட்னியை வெச்சுக்கிட்டு எங்களையே தொரத்தும். வேண்டாம்மா, எடுத்துட்டுப் போங்க உங்க பேச்சை."

மைனா எழுந்தாள். பத்தடி தள்ளிப் போய் செல்போனை எடுத்தாள். "சார், ரோஸ்லின் பேசுறேன். காலைல சொல்லி வெச்சேன்ல, கடமான் வீடு. இல்லைன்னுட்டாங்க சார். மயிலுங்களை அனுப்ப வேண்டாம். கலெக்டர் சாரையும் வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

வேண்டுமென்றே சத்தமாகப் பேசினாளா, சிக்னல் கிடைக்காமல் சத்தமாகப் பேசினாளா என்பதை மைனா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பூங்கோதை தலையைத் தூக்கினாள். "எந்தக் கலெக்டரு?"

"புலி சார்தாம்மா. குடுத்திருந்தா வந்து மாலை வெச்சுக் குனிஞ்சு கும்பிட்டிருப்பாரு."

"புலியா? இவருக்கா?"

"ஆமா."

"கல்யாணத்தன்னிக்கு இவரு ஒரு முடிச்சுதாம்மா போட்டாரு. புலி வாசம் வந்துச்சு, புதருக்குள்ள பாஞ்சுட்டாரு. மத்த ரெண்டு முடிச்சும் நாத்தனார் போட்டது."

"அது முறைதான தாயி" என்றார் வேலாயுதம்.

"முறைங்கிறதால மானம் தப்பிச்சுது. காலம்பூரா அந்தப் புலிக்குப் பயந்து ஒரு வாய் புல்லு நிம்மதியாத் தின்னதில்ல. தூக்கத்துலகூடக் காதை ஆட்டிக்கிட்டே கெடப்பாரு." மைனாவைப் பார்த்தாள். "நெசமாவே குனியுமா?"

"குனியும்மா."

"கடிக்காம?"

"டியூட்டி நேரத்துல சாப்பிட மாட்டாரு."

குணசீலன் நெருங்கி வந்தான். குரல் மாறிவிட்டது. "கரடி வீட்டுல என்ன குடுத்தாங்க?"

"அதைச் சொல்லக் கூடாது."

"நீங்க சொல்ல வேண்டாம், ஊரே சொல்லுது. ரெண்டு கிட்னி, ஈரல். அதுக்கே அந்தக் கரடிப்பய தெருவுல நெஞ்சை நிமித்திட்டுப் போறான். எங்க அண்ணன் கண்ணையும் எடுத்துக்கங்க. இதயம் எடுப்பாங்களா? எடுங்க. தோலு? அதையும் எழுதுங்க. எங்க வீடு அவன் வீட்டுக்குக் கொறைஞ்சதில்ல."

"வாலு?" என்றார் வேலாயுதம்.

"வாலுக்கு யாரும் வரிசையில இல்லைங்க ஐயா" என்றாள் மைனா.

"ஓநாய்க்குப் போனா?" என்று அவளே நினைவூட்டினாள்.

"போகட்டும்" என்றாள் பூங்கோதை. "புலியே குனியுது. ஓநாய் என்ன பெரிசு."

அன்றே ஆபரேஷன் நடந்தது. ஒரு கிட்னி அம்பலவாணனுக்கு வந்தது. கடமான் கிட்னி முள்ளம்பன்றிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள், கடமான் தமிழ் பேசியபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

மறுநாள் இறுதி மரியாதை. மயில்கள் தோகையைத் தாழ்த்தி நின்றன. கடமான்கள் எல்லாம் காதை நிமிர்த்தி நின்றன, ஆனால் ஒன்றும் ஓடவில்லை. புலி வந்தது. மலர்வளையம் வைத்தது. அதன் வயிறு உறுமியதாகப் பின்வரிசை முயல்கள் சொல்கின்றன. தலை குனிந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் பூங்கோதை. "கரடி வீட்டுல இதைவிடக் குனிஞ்சாராம்."

புலி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மீசை மண்ணில் படும்வரை குனிந்தது. அப்போதுதான் பூங்கோதைக்கு அழுகை வந்தது.

இங்கே ஆஸ்பத்திரியில் புதுக் கிட்னி வேலைக்கு வரவில்லை. "ஆபரேஷன் நல்லாப் போச்சு. கிட்னிதான் இன்னும் முழிக்கல. சிலதுக்குச் சில நாளாகும், சிலது..." என்று டாக்டர் மரங்கொத்தி பாதியில் நிறுத்திக்கொண்டார். தில்லைநாயகி கட்டிலடியில் தொங்கும் மூத்திரப் பையின் முன்னால், தீபாராதனைக்குக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். பை காலியாக இருந்தது. அடுத்த நாளும் காலி.

அதற்குப் பிறகு ஒரு காலையில், அடிபட்ட அன்று ராசமாணிக்கத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த டிபன் கேரியரை வாங்கிப்போகப் பூங்கோதை வந்தாள். மைனா அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொடுத்தாள். அந்நேரம் உள்ளே வார்டில் கைதட்டல். கொக்கு தட்டியது, டாக்டர் அலகால் கதவைத் தட்டினார், பெஞ்சில் இருந்த நோயாளிகள் எழுந்து நின்று தட்டினார்கள்.

"என்னவாம்?" என்றாள் பூங்கோதை.

"உள்ள ஒருத்தர் ஒண்ணுக்குப் போயிருக்காரும்மா."

"அதுக்கா இம்புட்டுக் கைதட்டு?"

"இங்க அதுக்குத்தான் தட்டுவோம்."

பூங்கோதை வார்டுக் கதவைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் அடக்கத் தெரியாது. ஒரு மரம் பாக்கி விட மாட்டாரு. எவ்வளவு திட்டியிருக்கேன்" என்றாள்.

பேர் சொல்லக் கூடாது என்பது சட்டம். நரி குரல், ஆந்தை குரல், புலி குரல் எல்லாம் பேசத் தெரிந்த மைனா, அதை எந்தக் குரலிலும் சொல்லவில்லை.

பூங்கோதை டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். தன் பங்குக்கு இரண்டு தட்டு தட்டினாள். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வருஷம் தானம் எகிறியது. செந்நாய் வீட்டுக்குப் போட்டியாகக் காட்டெருமை வீடு, காட்டெருமை வீட்டுக்குப் போட்டியாக மிளகுத்தோட்டத்துக் குரங்கு வீடு. "மக்களிடையே விழிப்புணர்வு பெருகியதே காரணம்" என்று ஆந்தை வாசித்தது. எதிர்ச்சரிவில் கரடிகள் கூடி, கடமான் வீட்டை எப்படி மிஞ்சுவது என்று ஆலோசித்தன. பேச்சின் நடுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா மறுநாள் முதல் தேனை விட்டுவிட்டு வாக்கிங் போகத் தொடங்கினார்.

நீதி: வீம்புக்குக் கொடுத்த கிட்னியும் ஒழுங்காகத்தான் ஒன்றுக்குப் போகும், ஆகவே, தர்மம் செய்ய மனசு வராதவர்கள் எதிர்வீட்டுக்காரனை நினைத்துக்கொண்டு செய்யவும்.