ஆறாம் வீட்டில் நின்றுபோன ஃபைல்

கதவு தட்டிய சத்தத்துக்கு அரியரத்தினம் வழக்கம்போல அசையவில்லை. பிறகு எட்டிப் பார்த்தால் கதவுப்பிடியில் நீல ஃபைல் ஒன்று தொங்கியது. உள்ளே ஜப்பானிய எழுத்தில் ஒரு தாள். கீழே, கனடாவின் லாசாலில் இருந்த அந்த ஆறு வீட்டுக் கட்டடத்தில் அவரைத் தவிர ஐந்து வீட்டுக்காரரும் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

போன வருடம் மனைவி அக்னெஸ் காலமான பிறகுதான் அவர் அடுப்படிக்குள் நுழைந்தார். கிழமைக்கு மூன்று தடவை புகை அலாரம் அலறும். தன்னை வீட்டை விட்டுக் கிளப்பத்தான் இந்தப் பெட்டிஷன், தனக்கு விளங்கக்கூடாதென்றுதான் ஒன்றாம் வீட்டு அகீகோ அம்மாவைக் கொண்டு ஜப்பானிய மொழியில் எழுதுவித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். அக்னெஸ் இருபத்திரண்டு வருடம் புழங்கிய வீட்டை விட்டுப் போவதா? ஃபைல் அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது.

மறுநாள் இரண்டாம் வீட்டு ஜோன்சன் படியில் மறித்தான். கட்டடத்தைப் பராமரிப்பவன் அவன்தான்.

"அண்ணை, அகீகோ அம்மான்ர ஃபைல் உங்களிட்டையோ?"

"எந்த ஃபைல்? நான் காணேல்லை."

பின்னேரம் முழுக் கட்டடமும் ஃபைல் தேடியது. நாலாம் வீட்டுப் பிரெஞ்சுக்காரர் குப்பைத் தொட்டிக்குள்ளேயே தலையை விட்டுவிட்டார். அரியரத்தினத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லோரையும் சமாதானப்படுத்த வடை சுடத் தொடங்கினார். எண்ணெய் புகைந்தது, அலாரம் அலறியது.

ஆறு வீட்டாரும் செருப்போடு பனிக்குள் வந்து நின்றார்கள். அகீகோ அம்மா விரல் நீட்டித் தலைகளை எண்ணினார். நிலநடுக்கம் வந்தால் ஜப்பானில் அவருடைய மலை மாவட்டத்தில் அப்படித்தான் வீடு வீடாக எண்ணுவார்களாம்.

அரியரத்தினம், வெளியே ஓடி வரும்போது அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட ஃபைலை அகீகோ அம்மாவிடம் நீட்டினார்.

"ஜோன்சன், அம்மாவுக்குச் சொல்லு. இனிச் சமைக்கமாட்டன். பாண் திண்டு கிடப்பன். வீட்டாலை மட்டும் எழுப்பிப் போடவேண்டாம் எண்டு சொல்லு." கண் கலங்கிவிட்டது.

"ஆர் எழுப்பினது? அண்ணை, இது அவவின்ர ஊர் வாய்க்கால் துப்பரவாக்கிற நோட்டீஸ். பத்து வருசப் பழசு."

"அப்ப ஏன் எல்லாரும் கையெழுத்து வைச்சனீங்கள்?"

"அவையின்ர மாவட்டத்திலை நோட்டீஸைப் பாத்ததுக்குக் கையெழுத்து வைச்சு, கதவு தட்டி அடுத்த வீட்டார்ர கையிலைதான் குடுக்கவேணுமாம், ஆள் சுகமோ எண்டும் கேக்கலாமெண்டு. அக்னெஸ் அக்கா போனாப் பிறகு உங்கட கதவைத் தட்ட எங்களுக்கும் ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அண்ணை."