பழியெல்லாம் தோர்பெனுக்கே

"இனிமே எங்க நின்னு சிகரெட் பிடிப்ப?"

"அடுப்புக்கு மேல சிம்னி இருக்குல்ல, அதுக்கு அடியில. முழு வேகத்துல ஓடவிட்டுடறேன்."

"சரி, இவ வளந்து இவளும் ஆரம்பிச்சா?"

"அன்னைக்கே நான் விட்டுடறேன், ஹெல்லே. சத்தியமா."

மகள் யோஹன்னே பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, தோர்பென் தன் மனைவிக்குச் செய்துகொடுத்த சத்தியம் இது. தொட்டிலில் கிடப்பவள் சிகரெட்டைத் தொட இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது என்ற தைரியம். அதன் பிறகு, கடலோர ஊரான எஸ்பியரில் இருக்கும் மற்ற பல அப்பாக்களைப் போல அவனும் சிம்னிக்குள் தலையை நீட்டி, கொதிக்கும் உருளைக்கிழங்குக்கு மேல் குனிந்தபடியே புகைத்து வந்தான்.

அந்தத் தைரியத்துக்கு இந்தப் பிப்ரவரியில் ஆபத்து வந்தது. பதினைந்து வயது யோஹன்னேயின் ஊதா ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்த ஹெல்லே, அதை முகர்ந்து பார்த்து, சிகரெட் நாற்றத்தில் முகம் சுளித்தாள்.

தோர்பென் முந்திக்கொண்டு குறுக்கே வந்தான். மகளை நினைத்தா, சத்தியத்தை நினைத்தா என்று அவனுக்கே விளங்கவில்லை.

"நான்தான்," என்றான். குப்பை கொட்டப் போகும்போது குளிருக்கு அதைப் போட்டுக்கொண்டதாகச் சொன்னான். அவனுடைய முழங்கை வரைகூட ஏறாத ஜாக்கெட் அது.

ஹெல்லே அவனை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டுத் துணியெல்லாம் நாறுகிறது, இனி அடுப்படி கிடையாது, பால்கனிக்குப் போ என்று உத்தரவு போட்டாள்.

தனியாகக் கிடைத்தபோது மகளுக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்தான். "நுரையீரல் இருக்கே..." என்று ஆரம்பித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடிப்பதற்குள் அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து, அவள் அறை ஜன்னலில் இருந்த பூந்தொட்டியில் இரண்டு சிகரெட் துண்டுகள் கிடைத்தன. பால்கனியில் காற்று அதிகம், அதனால் இவள் ஜன்னலோரம் நின்றேன் என்று அதையும் தோர்பென் தன் தலையில் போட்டுக்கொண்டான். பிள்ளை படுக்கும் அறையிலா என்று கேட்ட ஹெல்லே, பால்கனியையும் பூட்டினாள். இனிக் கீழே சைக்கிள் கொட்டகைதான்.

பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் யோஹன்னே பையைத் திறக்க, பாடப்புத்தகத்தோடு ஒரு சிகரெட் பாக்கெட்டும் வந்து விழுந்தது. கண்ணில் பட்டால் அதிகம் பிடிக்கிறேன் என்று நானே அங்கே ஒளித்து வைத்தேன் என்றான் தோர்பென். பெற்ற பெண்ணைக் கடத்தல்காரி ஆக்கிவிட்டாயா என்ற ஹெல்லே, அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. யோஹன்னே அப்பாவையே வெறித்துப் பார்த்தபடி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை. கடைக்குப் போக ஹெல்லே கொட்டகையில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதே கொட்டகைக்குள் புகுந்த கடல் காற்றுக்கு முதுகைக் காட்டி, தோர்பென் படாதபாடு பட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். கொட்டகைக் கதவு திறந்தது. யோஹன்னே வந்து அம்மாவுக்கு நேர் எதிரே நின்றாள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல அவள் நீட்டிய விரல் நுனியில் ஒரு சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

தோர்பென் பாய்ந்துபோய் அதைப் பிடுங்கினான்.

"என்னுதுதான். பிடிச்சுக்கச் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப வாயில இருக்கறது?" என்றாள் ஹெல்லே.

"அதுவும் என்னுதுதான்."

யோஹன்னேவுக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது. ஆனால் உதடு துடித்து, அழுகைதான் வந்தது.

"இன்னும் எத்தனைதான்பா நான் கொளுத்தறது? ஒண்ணுகூட வாயில வெச்சதில்ல. எல்லாம் உன் பாக்கெட்லருந்து எடுத்ததுதான். நான் ஆரம்பிச்சா நீ விட்டுடுவேன்னு அம்மாகிட்ட சொன்னியாமே. ஜாக்கெட்ல, ஜன்னல்ல, பையில, எங்க வெச்சாலும் நீயே ஏத்துக்கற."

தோர்பென் இரண்டு சிகரெட்டோடு அசையாமல் நின்றான்.

"நீ இருமறது செவுத்தத் தாண்டி என் ரூம்ல கேக்குது. பயமா இருக்குப்பா. விட்டுடேன்."