மறுபடி சாரும் இருபது வார்த்தைகளும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் ஜனங்களை ஓரமாக ஒதுங்கச் செய்வதில் கபாலீசுவரர் தேருக்கு நிகராக ஒருவர்தான் இருந்தார். தேராவது வருஷத்துக்கு ஒரு நாள் வரும். மறுபடி சார் தினம் வருவார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். இரண்டு வருஷம் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்த எனக்கே அது தேவைப்படவில்லை. யுத்தம் முடிந்த சமயம். நான் லஸ்ஸில் டைப்ரைட்டிங் பழகிக்கொண்டிருந்தேன். அவர் மனோதத்துவ ஆராய்ச்சி மாணவர். இரண்டு பாஷை தெரிந்தவனின் மண்டைக்குள் ஞாபகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அவருடைய விஷயம். எதிரே வந்து நிற்பார், நோட்டைப் பிரிப்பார், தமிழில் பத்தும் இங்கிலீஷில் பத்தும் கலந்து இருபது வார்த்தை வாசிப்பார். மறுநாள் அதே நேரத்துக்கு, நாம் எங்கே ஒளிந்திருந்தாலும், "மறுபடி சொல்லுங்கோ, பார்ப்போம்" என்று வந்துவிடுவார். குளத்தில் முழுக்குப் போட்டு எழுந்தவர்கள், படியில் அவரைக் கண்டதும் மறுபடி முழுகியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு தரம் ஸலூன்காரரைப் பிடித்தார். மறுநாள் க்ஷவரத்துக்கு உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார் சோதனையை. ஸலூன்காரர் ரோஷக்காரர். பாதி முகம் முடிவதற்குள் பதினாறு வார்த்தை சொல்லிவிட்டார். பதினேழாவது வரவில்லை. அது வருகிற வரையில் கத்தியை எடுப்பதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மறுபடி சார் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் சோதனை கெட்டுவிடுமே! பாதித் தாடியோடு காலேஜுக்குப் போய் வந்தார்.

எங்கள் மெஸ் மாமியையும் அவர் விடவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே மாமி பத்தொன்பது வார்த்தையைச் சரியாகச் சொன்னாள். அவர் 'லெமன்' என்று வாசித்ததை மட்டும் எலுமிச்சம்பழம் என்றாள்.

"அதை நான் எந்த பாஷையிலே சொன்னேன், மாமி?"

"எதுல சொன்னா என்ன? புளிப்பு ஒண்ணுதானே."

அன்றைக்கு அவர் மோர் சாதம் சாப்பிடவில்லை. காரணம் இருந்தது. மூளைக்குள் பாஷைக்கு ஓர் அறை, நடுவே கெட்டியான சுவர் என்பது அவர் சித்தாந்தம். மாமி அந்தச் சுவரில் கரண்டியாலேயே ஓட்டை போட்டுவிட்டாள். அதோடு ப்ரொபஸரும் கெடு வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் தம் கண் முன்னால் ஒரே ஓர் ஆளிடமாவது அந்தச் சுவரைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடலாம். திண்டிவனத்தில் அவருடைய அப்பா, தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா நாற்காலிக்குச் சொல்லிவைத்துவிட்டுப் பிள்ளைக்காகக் காத்திருந்தார்.

"படிச்சவா மூளையெல்லாம் கலங்கின குட்டைடா. பள்ளிக்கூடம் படாத ஆள் வேணும்" என்றார் என்னிடம். தேடிப் பிடித்த ஆள், லஸ் முனையில் ரிக்‌ஷா இழுத்த கன்னியப்பன். வெள்ளைக்காரத் துரைகளை இழுத்து இழுத்தே காதால் இங்கிலீஷ் பிடித்தவன். வார்த்தைப் பட்டியலை முதல் நாளே அவனுக்கு வாசித்தாயிற்று. மறுநாள் எங்கள் மாடி அறையில் ப்ரொபஸர் நாற்காலியில், நான் சுவரோரம், கன்னியப்பன் நடுவில்.

இருபதையும் வரிசை பிசகாமல் ஒப்பித்தான். மறுபடி சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இனி எது தமிழ், எது இங்கிலீஷ் என்று பிரித்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"ரோடு?"

"தமிழு, சாமி."

"சோப்பு?"

"தமிழு."

"டிக்கட்?"

"அதுவும் தமிழுதான். இன்னா கேக்குற நீ?"

மறுபடி சார் பட்டியலின் தமிழ் வார்த்தைகளுக்குத் தாவினார். "சரி. வைத்தியசாலை?"

"இங்கிலீசு."

"துவிச்சக்கர வண்டி?"

"அய்யே, சுத்தமான இங்கிலீசு சாமி அது."

"எப்படிப்பா?"

கன்னியப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "எங்க சனத்துல ஒர்த்தரும் அப்டி பேசறது இல்லியே. படிச்சவங்கோ மட்டும் பேசிக்கினா அது இங்கிலீசுதானே?"

நோட்டு கீழே விழுந்தது. திண்டிவனம் எனக்கே கண்ணில் தெரிந்தது. ப்ரொபஸரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சுவரை நீ மண்டைக்குள்ளே தேடறே. இவர் அதைத் தெருவிலே காட்டறார். அந்தப் பழைய சித்தாந்தத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, இதை எழுது."

அடுத்த எட்டு மாதம் மறுபடி சார் ரிக்‌ஷா ஸ்டாண்டிலேயே குடியிருந்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து, தம்மை மறந்து, ஸ்டாண்ட் பாஷையிலேயே, "மாமி, ரசம் கீதா?" என்று கேட்டார். மாமி கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனவள் வெளியே வர ஒரு மணி நேரமாயிற்று.

ஆராய்ச்சி முடிந்தது. திண்டிவனத்துக்கு வண்டி எழும்பூரில் புறப்படும். நாங்கள் போனதோ சென்ட்ரலுக்கு. வடக்கே ஒரு சர்வகலாசாலையில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. கன்னியப்பன்தான் பெட்டி படுக்கையோடு அவரை இழுத்து வந்தான். "அங்க போயி இந்தியில கேட்டு சனத்தை பேஜார் பண்ணாத, சாமி" என்று புத்தி சொல்லிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஊரையே சோதித்தவர் என்னை மட்டும் சோதித்ததில்லை. கூட இருக்கிறவனுக்குப் பட்டியலெல்லாம் பாடமாயிருக்கும் என்பார். அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு, வண்டி நகரப் போகிற நேரத்தில் ஜன்னல் வழியாக நோட்டைப் பிரித்தார். "உனக்குன்னு புதுசா ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன், கேளு." பத்தொன்பது வாசித்தார். இருபதாவதுக்கு உதடு அசைந்தது, எஞ்சின் ஊதிவிட்டது.

அது ஆகி மூன்று வருஷம். பத்தொன்பதையும் வரிசை பிசகாமல் வைத்திருக்கிறேன். அவருடைய கணக்குப்படி மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு என் எதிரே வந்து நின்றிருக்க வேண்டும். அதனால்தான், அந்த நேரத்துக்கு மாட வீதியில் போக நேர்ந்தால், நான் ஓரமாக ஒதுங்குவதில்லை.