மூழ்கிப்போன படகோட்டியின் கைத்தடி

பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்துக்கு வருஷம் முழுக்க நாற்பது பேர் வந்தால் அதிசயம். அந்த மாதமோ வாசல் கதவு கழன்று விழும் அளவுக்குக் கூட்டம். காரணம், ஆவிச்சாமியார். எந்தப் பழம்பொருளைத் தொட்டாலும் அதன் சொந்தக்காரர் சாமியாரின் வாய் வழியாகப் பேசுவார். செத்தவருக்குத் தெரியாததா? கல்யாணம், வழக்கு, நோய் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. காணிக்கைத் தட்டும் நிறைந்தது.

காப்பாளர் அம்மாவுக்கு முதலில் சந்தோஷம்தான். தான் இருபது வருஷம் தூசி தட்டிய கலப்பையை ஊரே வந்து பார்க்கிறதே. அவருடைய அக்கா தலைசுற்றலோடு வந்து நின்ற அன்று அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அங்கிருந்த பழைய உரலின் சொந்தக்காரி சாமியார் வாயால் சொன்னாள் என்று சர்க்கரை மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டியிருந்தாள் அக்கா.

"எழுதிக் கொடுத்தவர் டாக்டர், அக்கா."

"அவரு உயிரோட இருக்கறவரு. அவருக்கு என்னடி தெரியும்?"

காப்பாளர் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தார். தொடுவதற்கு முன் சாமியார் நிதானமாக ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு பொருளின் கீழும் காப்பாளர் எழுதி ஒட்டிய சீட்டின் மேல் அவர் கண் ஓடும். பிறகு ஆவி வந்து அதையே ஒப்பிக்கும். உரலுக்குக் காப்பாளர் வருஷத்தைத் தப்பாக எழுதியிருந்தார். ஆவியும் அதே தப்பைச் சொல்லியிருந்தது.

மறுநாள் ஓய்வுபெற்ற தபால்காரரின் கைத்தடியை இரவல் வாங்கி வைத்து, கீழே சீட்டு ஒட்டினார்: 'நூறு வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் மூழ்கிய படகோட்டியின் தடி.'

சாமியார் சுற்றி வந்தார். தடியைத் தொட்டார். உடம்பு உதறியது.

"மூச்சு முட்டுது... மூக்கெல்லாம் தண்ணி... நூறு வருஷமா ஈரத்துலயே கிடக்கேன்..."

முன்வரிசை விசும்பியது. அக்காதான் எல்லோரையும்விட உரக்க அழுதாள்.

தபால்காரர் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தார். "அது என் தடிங்க. நான் இன்னைக்கு இன்னும் குளிக்கக்கூட இல்ல."

அந்தப் படகோட்டி தபால்காரரின் முற்பிறவி என்று சாமியார் சமாளித்தார். காப்பாளர் சீட்டு ஒட்டாத ஒரு சாவியை நீட்டி, இது யாருடையது என்று மட்டும் கேட்டார். ஆவிகளுக்குக் களைப்பாம். சாமியார் தட்டைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்துக்கடையை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று மெல்லக் கேட்டாள்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் தபால்காரரை ஏற இறங்கப் பார்த்து, இரண்டடி தள்ளி நின்றார். ஒருவேளை இவர் செத்துத்தான் போய்விட்டாரோ என்று அவருக்குச் சந்தேகம்.

காப்பாளர் பெருமூச்சு விட்டார். "செத்தவங்க பேசினது போதும். உயிரோட இருக்கறவங்க இனிமேலாவது கொஞ்சம் யோசிங்க."