மரலென்ஸ் வாங்கிய நிஜ லென்ஸ்

ஒரு பொருளை வாங்கலாமா, வேண்டாமா என்று யோசிப்பதில் எங்கள் மரலென்ஸை மிஞ்ச திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஆளே கிடையாது. பிரிட்டிஷ் இந்தியாவிலும் இருந்திருக்க முடியாது என்பது என் கட்சி. ஆனால் அவரிடமே இதைச் சொல்லியிருந்தால், "அவசரப்பட்டுச் சொல்லாதேடா, நன்னா விசாரிச்சுப் பாரு" என்றிருப்பார்.

குடை வாங்குவதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்த மனுஷர் அவர். வாங்கி வந்த அன்று வெயில் அடித்தது. "பாத்தியா, அவசரப்பட்டுட்டேன்" என்று வருத்தப்பட்டார்.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நான் குடியிருந்தேன். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆபீஸிலும் ஒரே செக்‌ஷன். எங்கள் செக்‌ஷனுக்கு வரும் எந்தக் காகிதமும் எடுத்த எடுப்பில் முடிவாகாது. 'மறுபடி சமர்ப்பிக்கவும்' என்று மேலே ஒரு வரி எழுதி, வந்த வழியே அனுப்பி வைப்போம். நாங்களெல்லாம் அந்தப் பழக்கத்தை சாயங்காலம் தலைப்பாகையோடு கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் மட்டும் வீட்டுக்கும் கொண்டு போவார்.

அப்பேர்ப்பட்டவர் யோசிக்காமல் வாங்கிய பொருள் ஒன்று உண்டு. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டான். அண்ணா போனது ஒரு சாய்வு நாற்காலிக்காக. அதில் சாய்ந்தால் முதுகு வலிக்குமா என்று இவர் யோசித்து முடிப்பதற்குள் அதை வேறொருத்தர் வண்டியில் ஏற்றிவிட்டார். அந்த ஏமாற்றத்தில் நின்றவர், முகத்தில் மொய்த்த ஈயை ஓட்டக் கையை உயர்த்தினார். அடுத்த கணம் ஒரு தோல் பை அவர் தலையில் விழுந்தது. ஏலக்காரன் சுத்தியலைத் தட்டிவிட்டான்.

பைக்குள் ஒரு ஜெர்மன் கேமரா. உள்ளங்கையில் அடங்கும் அளவு. அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஒரே ஒரு குறைதான். லென்ஸ் இல்லை. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை.

சாலைக்கடைத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சியிடம் எடுத்துப் போனோம். அவர் நாஞ்சில் நாட்டுக்காரர். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சாமி, இதுக்கு ரெண்டு தினுசு லென்ஸ் உண்டு. ஒண்ணு எப்பவும் வெளிய நீட்டிக்கிட்டே நிக்கும். மத்தது சின்னது. இழுத்தா வெளிய வரும், ஒரு திருகு திருகினா நிக்கும், வேலை முடிஞ்சா உள்ள தள்ளிரலாம். கோட்டுப் பையில அடங்கீரும், பாத்துக்கிடுங்க."

"அப்போ அதுதான் விசேஷம்."

"விசேஷந்தான். ஆனா ஒரு வில்லங்கம் உண்டு. இழுக்க மறந்துட்டு எடுத்தீங்கன்னா படம் பூரா புகைதான். அத மட்டும் மறந்திரப்பிடாது."

போச்சு! அண்ணாச்சி அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நடந்து திரும்பும் வழியெல்லாம் அண்ணா அதையே பிடித்துக்கொண்டார்.

"மறந்துட்டா என்னடா பண்றது?"

"மறக்காம இருங்கோ அண்ணா."

"மறக்கறதுங்கறது நாம தெரிஞ்சா பண்றோம்? அது தன்னால வரதாக்கும்."

பணம் ஒரு தடையே இல்லை, கேட்டீர்களா? தடையெல்லாம் தத்துவம்தான். கோட்டுப் பையில் அடங்கும் என்பது அதன் பெருமை. சரி. ஆனால் கோட்டுப் போடுவது ஆபீஸில். ஆபீஸில் எதைப் படம் எடுப்பது, தலைமைக் குமாஸ்தா தூங்குவதையா? படம் எடுக்கத் தகுந்த கல்யாணம், காட்சி, தெருவில் சுவாமி புறப்பாடு எல்லாவற்றுக்கும் நம் ஊரில் வேஷ்டியும் மேல்முண்டும்தான். பை ஏது? பை இல்லாதவனுக்குப் பையில் அடங்கும் லென்ஸ் எதற்கு? இந்தக் கேள்வியை அவர் டாக்டரிடம் கேட்டார், ஜோசியரிடம் கேட்டார், ஆபீஸ் சூப்பிரண்டிடமும் கேட்டார். சூப்பிரண்டு வழக்கப்படி "மறுபடி சமர்ப்பிக்கவும்" என்றார்.

கடைசியில் அண்ணாவுக்கே ஒரு வழி தோன்றியது. ஆசாரியைக் கூப்பிட்டு, பலா மரத்தில் அதே அளவுக்கு ஒரு லென்ஸ் கடையச் சொன்னார். இழுத்தால் வரும், தள்ளினால் போகும். அதைக் கேமராவின் ஓட்டையில் பொருத்தி, மடியில் வெற்றிலைப் பொட்டலம் வைக்கும் இடத்தில் செருகிக்கொண்டு நடந்து பழகினார். அன்று முதல் அவர் பெயர் மரலென்ஸ்.

ஒரு நாள் கேமராவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு, மரத்தை மடியிலேயே மறந்து கோயிலுக்குப் போய்விட்டார். வாசலில் காவல்காரன் நிறுத்தினான்.

"எந்தா ஸ்வாமி, மடியில்?"

"லென்ஸ்."

"லென்ஸோ? காணட்டே."

வாங்கி இழுத்தான், தள்ளினான், கண்ணில் வைத்தான். "இதில் ஒந்நும் காணான் இல்லல்லோ!"

"மரத்துல எப்படிடாப்பா தெரியும்?"

காவல்காரன் இவரை ஏற இறங்கப் பார்த்து, மரத்தைத் திருப்பிக் கொடுத்து, வீட்டில் யாராவது பெரியவர்கள் இருக்கிறார்களா என்று அன்பாக விசாரித்து அனுப்பினான்.

பயிற்சி தொடர்ந்தது. மறக்காமல் இழுக்க வேண்டுமே, அதற்காகத் தினமும் யாரையாவது தெருவில் நிறுத்தி, கேமராவைக் கண்ணில் வைத்து, மரலென்ஸை இழுத்து, திருகி, பொத்தானை அழுத்துவார். இழுக்க மறந்தால் ஞாபகப்படுத்தும்படி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவர் கேமராவைத் தூக்கினால் போதும், எட்டு வீட்டிலிருந்தும் குரல் வரும்: "இழுத்தாச்சா?" பால்காரன்கூடக் கேட்பான். நாங்களும் வெட்கமில்லாமல் தலை வாரி, விபூதி இட்டு, மரத்துக்கு முன்னால் விறைத்து நிற்போம். ஒரு மனுஷர் அவ்வளவு அக்கறையாகப் பார்க்கும்போது நிற்காமல் எப்படிப் போவது?

அவர் அதிகமாக நிற்க வைத்தது ஒரே மகள் சரசாவைத்தான். சரசா பாவாடை கட்டியது, தாவணி போட்டது, வீணையோடு உட்கார்ந்தது எல்லாம் அந்தப் பலாக்கட்டைக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அண்ணாச்சி தம் பெரிய கேமராவோடு தாமே வருகிறேன் என்றார். "வேண்டாம் அண்ணாச்சி, அதுக்குள்ளே நம்ம லென்ஸ் வந்துடும்" என்று இவர் தடுத்துவிட்டார். லென்ஸ் எப்படி வரும், சொல்லி அனுப்பினால்தானே? கல்யாணத்தன்றும் மணமக்களைக் கட்டைக்கு முன்னால் நிறுத்தி "சிரிங்கோ" என்றார். மாப்பிள்ளை ராவல்பிண்டியில் ராணுவக் கணக்கு இலாகாவில் வேலை பார்ப்பவர், மரியாதைக்காரர். சிரித்தார்.

பெண்ணை ராவல்பிண்டிக்கு அழைத்துப் போகும் நாள் வந்தது. முதல் நாள் மத்தியானம் அண்ணா வீட்டில் நான் இருந்தேன். பயணத்துக்கு முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த அண்ணாவின் மனைவி, எனக்கு மன்னி, கையை அப்படியே நிறுத்தினாள்.

"ஏன்னா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? இத்தனை வருஷம் கட்டையை வெச்சுண்டு எங்களை நிக்க வெச்சேள். நின்னோம். நாளைக்கு அவ வண்டி ஏறிடுவா. போனா எப்போ வருவாளோன்னு யாருக்குத் தெரியும்? அவ மொகத்தைப் பாக்கணும்னு எனக்குத் தோணித்துன்னா நான் எதைப் பாக்கட்டும்? அந்தக் கட்டையையா?"

மன்னி சத்தம் போட்டுப் பேசுகிறவள். அன்று மெதுவாகக் கேட்டாள். அண்ணாவுக்கு முகம் செத்துவிட்டது. மேல்முண்டை எடுத்துத் தோளில் போட்டு, "வாடா சாலைக்கடைக்கு" என்றார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

யாரோ சொல்லி வரவழைத்து வாங்காமல் போன லென்ஸ் ஒன்று, அந்தச் சின்னதுதான், அண்ணாச்சியின் பெட்டியில் இருந்தது. அவரே மாட்டி, பிலிமும் போட்டுக் கொடுத்தார்.

"கொண்டு போங்க சாமி. எடுத்துப் பாருங்க. பிடிக்கலேன்னா திருப்பித் தந்திருங்க, வருத்தமே இல்ல. கண்ணாடி வழியாப் பாத்தா உருவம் ரெண்டாத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப ரெண்டும் ஒண்ணாச் சேரும். சேந்ததும் அழுத்தணும். அப்புறம்..."

"இழுக்கணும். தெரியும்" என்றார் அண்ணா பெருமையாக.

நாங்கள் வீடு சேர்வதற்குள் பிடித்துக்கொண்டது மழை. திருவனந்தபுரத்து மழை ஒருத்தருடைய அவசரத்தையும் பார்ப்பதில்லை. கூடம் இருட்டு, முற்றம் வெள்ளம். காலையில் ஸ்டேஷனில் எடுத்துக்கொள்ளலாம், அங்கே வெளிச்சம் இருக்கும் என்று முடிவாயிற்று.

தம்பானூர் ஸ்டேஷனுக்கு எங்கள் தெருவே வந்திருந்தது. மழை விட்டு இளவெயில். சரசா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில். மன்னி வெளியே நின்று, ஜன்னல் கம்பி வழியாக மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணா ஆபீஸ் கோட்டுப் போட்டு வந்திருந்தார், பைக்காக. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். லென்ஸைத் திருப்பினார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"சேரமாட்டேங்கறதேடா. ரெண்டு ரெண்டா தெரியறது."

"நிதானமாப் பாருங்கோ அண்ணா."

"சாதாரணமா ரெண்டா? நாலா தெரியறது. லென்ஸ்ல என்னமோ தகராறு." கோட்டு நுனியால் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல. அதை அவரிடம் யார் சொல்வது? கார்டு விசில் ஊதினார்.

"சரசா, அசையாதேம்மா!"

"நான் அசையலேப்பா. வண்டின்னா அசையறது!"

அண்ணா அழுத்திவிட்டார். வண்டி போய்விட்டது.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி பிலிமைக் கழுவி, படத்தை ஈரத்தோடு கொண்டு வந்து வெளிச்சத்தில் காட்டினார். ஸ்டூடியோவுக்கு அண்ணாவோடும் என்னோடும் மன்னியும் வந்திருந்தாள். படத்தில் வெள்ளையாக மூன்று மேகம். அவ்வளவுதான்.

"சாமி, லென்ஸை இழுக்கலியே" என்றார் அண்ணாச்சி.

அத்தனை வருஷம் தெருவே கூடிக் கத்தியது. அன்று தெரு முழுவதும் பிளாட்பாரத்தில்தான் இருந்தது. ஒரு வாய் கேட்கவில்லை, 'இழுத்தாச்சா?' என்று. எல்லோரும் சரசாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சிக்கே பாவமாகிவிட்டது. "பரவாயில்ல சாமி. லென்ஸைத் திருப்பித் தந்திருங்க."

அண்ணா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி. சரியாத்தான் விழுந்திருக்கு. எனக்கும் அப்போ இப்படித்தான் தெரிஞ்சது. லென்ஸை நான் வெச்சுக்கறேன்."

மன்னி என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்கு உதறல். அவள் படத்தை வாங்கி, ஜன்னல் பக்கம் போய் நின்று, நெடுநேரம் பார்த்தாள். பிறகு நடு மேகத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். அங்கே சின்னதாக, வட்டமாக, மற்ற வெள்ளையைவிடப் பளிச்சென்று ஒரு பொட்டு.

"இது அவ மூக்குத்தியாக்கும்" என்றாள். "வெயில் பட்டு மின்னித்தே, நீங்க பாக்கலையா?"

அதற்குப் பிறகு நடந்ததை இன்றும் எங்கள் ஆபீஸில் நம்ப மாட்டார்கள். ராஜ்யத்தின் எல்லையான செங்கோட்டையைத் தாண்டியறியாத மரலென்ஸ், ஒருத்தரையும் அபிப்பிராயம் கேட்காமல், மறுநாளே நீண்ட லீவுக்கு எழுதிக் கொடுத்தார். மன்னியையும் அழைத்துக்கொண்டு, ஒரே ஒரு படம் எடுப்பதற்காக, ராவல்பிண்டிக்குப் புறப்பட்டார். வழியனுப்ப வந்த தெரு தொண்டை கிழியக் கத்தியது: "இழுத்தாச்சா?" அவர் ஜன்னலுக்கு வெளியே கேமராவை நீட்டிக் காட்டினார். லென்ஸ் இழுத்துத் திருகித் தயாராக இருந்தது.

உள்ளே போகும் என்பதற்காக வருஷக்கணக்கில் யோசித்து வாங்கிய லென்ஸை, அதன் பிறகு அவர் உள்ளே தள்ளவே இல்லை. எப்போதும் நீட்டிக்கொண்டேதான் இருந்தது. தையல்காரனிடம் சொல்லி கோட்டுப் பையைப் பெரிதாக்கிக்கொண்டார். ராவல்பிண்டியில் எடுத்த சரசா படம் கண்ணாடி போல் துல்லியம், கூடத்தில் மாட்டினார்கள். பக்கத்திலேயே மேகப் படத்தையும் மாட்டினார்கள். வருகிறவர்களுக்கு மன்னி முதலில் காட்டுவது மேகத்தைத்தான்.

அண்ணா போய்ப் பல காலம் ஆகிறது. இப்போதும் யாராவது என்னை நிறுத்திப் படம் எடுக்க வந்தால், என் வாய் தன்னால் "இழுத்தாச்சா?" என்கிறது. எடுக்கிறவர் திருதிருவென்று விழிக்கிறார். நான் அண்ணாவைக் கூப்பிடுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?