ஊரே மெச்சிய சீட்டாட்டக்காரன்

இன்று என் கையில் இருப்பது துளசிமணி மாலை. அறுபதுகளின் கடைசியில் அதே கையில் இருந்தது சீட்டுக்கட்டு. (இப்போதும் ஜபத்தில் கவனம் சிதறினால் விரல்கள் மாலையைக் கலைத்துப் போடப் பார்க்கும். பெருமாள் மன்னிப்பாராக.)

திருவள்ளூரில் அப்போது எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. நான் தேறியது எட்டாவது வகுப்பு, தேறாதது ரம்மி. மளிகைக்கடைக்காரர், பால்காரம்மா, சைக்கிள் கடை பாய் என்று எல்லோரிடமும் கடன் வாங்கித் தோற்றிருந்தேன். அந்த நேரத்தில்தான் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. சூதாடி, கடன்காரன் என்று தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள். பணமுடைக்காரனிடம் எவனாவது வந்து ரகசியத்தை விலைபேசலாமாம். (எனக்குக் கிடைக்கவிருந்தது இரும்புத்தூள் கூட்டும் வேலை. அதில் என்ன ரகசியமோ!)

அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொண்டேன். (அந்த வெல்லமும் கடன்தான்.) பிறகு கடன் கொடுத்தவர்களிடம் போய், போலீஸிடம் சொல்லிவிட வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

பாய் சிரித்தார். “இன்னா நைனா, உனக்கு வேல கெடச்சாதான எனக்கு டப்பு கெடைக்கும்? நான் பாத்துக்கிறேன், போ.”

பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் சாதா வேட்டி சட்டையில் தெருவெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார். என் மனைவி ரங்கம் மோர் கொடுத்தாள்.

“தம்பி, மளிகைக்கடையில உன்ன தர்மராஜான்னாரு.” (தர்மரும் சூதாடியவர்தான் என்று எனக்கு உடனே உறைத்தது.) “பால்காரம்மா உனக்கு வேல குடுக்கச் சொல்லி அழுவுது. பாய் என் சைக்கிளுக்கு ஓசியில காத்தடிச்சு அனுப்பறாரு. எம்மாம் நல்லவனுக்கும் ஒரு பொறாமைக்காரனாவது இருப்பான்ப்பா. உனக்கு ஒருத்தன்கூட இல்லியே. இவங்களுக்கெல்லாம் நீ எவ்ளோ குடுக்கணும்?”

நான் தலையைப் பலமாக ஆட்டினேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்.”

ரங்கம் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “பொய் சொல்றாரு சார். சீட்டாடித் தோத்துட்டு எல்லாருக்கும் குடுக்கணும். என் கம்மல் அடகுல கீது. வேல குடுத்தா சம்பளத்த நான் வாங்கி அடைச்சிடுவேன். குடுக்கலன்னா இவர நீங்களே இட்டுக்கினு போயிடுங்க.”

போச்சு என்று கண்ணை மூடினேன். அவசரத்துக்குப் பெருமாள் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

போலீஸ்காரர் மோரைக் குடித்து முடித்தார். சிரித்தார்!

“ஒளிச்சு வெச்ச கடனுக்குத்தாம்மா பயப்படணும். பொண்டாட்டிக்கே தெரிஞ்ச கடன காட்டி எவன் இவன மெரட்டுவான்? உள்ளத உள்ளபடி எழுதறேன். இனிமே சீட்டத் தொட்டா எனக்குச் சொல்லி அனுப்பு.”

இரண்டு அமாவாசை தாண்டி உத்தரவு வந்தது, கடனை அடைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அழுதேவிட்டேன். முதல் சம்பளம் ரங்கத்தின் முந்தானை முடிச்சுக்குப் போனது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் போனது. கடன் தீர்ந்த மாதமே பாய் காற்றுக்குக் காசு வாங்க ஆரம்பித்தார். மளிகைக்கடைக்காரர் தர்மராஜாவை மறந்தே போனார்.

சமீபத்தில் பேத்திக்கு வரன் கொண்டுவந்த தரகர், பையனை வானளாவப் புகழ்ந்தார். அடுப்படியிலிருந்து ரங்கத்தின் குரல் வந்தது:

“அந்தப் பையன் தரகருக்கு எவ்ளோ குடுக்கணும்னு கேளுங்க!”