என் மகளை அக்லி என்ற மதாம் லான்

டிலானி, ஜெரோம், இது உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

மதாம் லான் கதையை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா சொல்லும்போது அதில் நான் விசரனாகவும் அவ நீதிபதியாகவும் வருவோம். விசரன், பைத்தியக்காரன் என்பது சரிதான். ஆனால் எப்படிப்பட்ட விசரன் என்று நான்தான் சரியாகச் சொல்ல முடியும், உள்ளே இருந்து பார்த்தவன் நான். ஜெரோம், வாசிக்கக் கஷ்டமான இடங்களை அக்காவிடம் கேள். அவளுக்கும் தெரியாவிட்டால் என்னிடம் வா. (அம்மாவிடம் போகாதே, அவ தன் பாட்டுக்குக் கதையைத் திருத்திவிடுவா.)

நான் சந்தேகம் பிடித்த மனிதன். பால் வாங்கும்போது திகதி பார்ப்பேன், வீட்டுக்கு வந்ததும் மூக்கில் வைத்து மணந்தும் பார்ப்பேன். எங்கள் ஊர் சோதனைச் சாவடியில் முறைக்கிற ஆமிக்காரனிடம் எப்படியாவது தப்பிவிடலாம், சிரிக்கிறவனிடம்தான் பயம். விமானத்தில் ஏறியபோது அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை. மொன்றியலில் பஸ் சாரதி 'பொன்ஜூர்' என்று சிரித்தாலும், இவன் ஏன் சிரிக்கிறான் என்று இரண்டு தரிப்பிடம் வரை யோசித்துக்கொண்டு போவேன்.

போதாக்குறைக்கு, புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பு ஒன்றுக்கும் போனேன். அங்கே எப்படிக் கதைப்பது என்பதோடு எப்படி நிற்பது என்றும் சொல்லித் தந்தார்கள். கண்ணைப் பார்த்துக் கதைக்க வேண்டும். கையை இறுக்கிக் குலுக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. வயதையும் சம்பளத்தையும் கேட்கவே கூடாது. நான் குளியலறைக் கண்ணாடியில் என் கண்ணையே பார்த்துப் பழகினேன். சில வாரங்களில் எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் தேறிவிட்டேன். தேறியவன் சும்மா இருப்பானா? கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் புள்ளி போடத் தொடங்கினேன்.

டிலானி, உனக்கு அப்போது முதல் பல் வந்துகொண்டிருந்தது. நாங்கள் கோட்-டெ-நெய்ஜில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பிள்ளைப்பேற்று லீவு முடிந்து வருகிற திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். நானோ ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவன். உன்னைப் பகலில் பார்க்க ஒரு கார்டெரி வேண்டும். (பிள்ளை பார்க்கிற இடத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் கற்ற முதல் சொல்லே அதுதான்.) கேட்ட இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

எங்களுக்குக் கீழே மூன்றாம் மாடியில் மதாம் லான் என்ற வியட்நாம் அம்மா தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்தார். அவரிடம் ஒரு இடம் காலியாகிறது என்று அம்மா உடுப்புத் தோய்க்கிற அறையில் கேள்விப்பட்டு வந்தா. புதன்கிழமை பின்னேரம் மூன்று பேரும் போனோம்.

கதவு திறந்தது. நான் கண்ணைப் பார்த்தேன். அவர் என் சேட்டுப் பொத்தானைப் பார்த்தார். நான் கையை இறுக்கிக் குலுக்கினேன். அவர் கை ஈரக் கைக்குட்டை மாதிரி என் கைக்குள் கிடந்தது. பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றுக்கும் பூச்சியம் போட்டேன். அடுத்து அவர் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து கேட்டார்:

"உங்களுக்கு என்ன வயது? என்ன வேலை? சம்பளம் நல்லதா? ஏன் ஒரு பிள்ளைதான்?"

(எங்கள் ஆட்களும் முதல் சந்திப்பில் இதைத்தான் கேட்பார்கள், ஊர் எது என்ற கேள்வியையும் சேர்த்து. ஆனால் எங்கள் ஆள் கேட்டால் அது அக்கறை, பிறத்தி ஆள் கேட்டால் சிஐடி.) எதற்கும் இருக்கட்டும் என்று வயதை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அதனால் என்ன பாதுகாப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு உன்னிடம் வந்தார். உன் கன்னத்தில் மூக்கை வைத்து, பழக்கடையில் மாம்பழம் பார்க்கிறவர் போல நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். நிமிர்ந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னார்:

"அக்லி. வெரி அக்லி."

என் பிள்ளை அவலட்சணமாம். என் காது சூடானது. நெஞ்சை நிமிர்த்தி அவர் கண்ணைப் பார்த்து, வகுப்பில் படித்த நல்ல ஆங்கிலத்தில், "என் மகள் அக்லி இல்லை. நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்" என்றேன். (கோபத்திலும் இலக்கணம் பிழைக்கவில்லை என்று உள்ளுக்குள் பெருமை வேறு.) அவருடைய சிரிப்பு இன்னும் பெரிதானது. கையைக் கட்டியபடியே, "யெஸ், யெஸ்" என்றார்.

படியில் ஏறும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

"பாத்தியா றெஜினா, மூஞ்சைக்கு நேரை நக்கலடிச்சுச் சிரிக்கிறா."

"அப்ப திங்கக்கிழமை நான் பிள்ளையை ஆஸ்பத்திரி வாளிக்குள்ளை வைச்சுக்கொண்டோ நிலம் துடைக்கிறது?"

"கண்ணைப் பாத்துக் கதைக்கேல்லை. முதலாளி மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறா."

"நீங்களும் உங்கடை அப்பருக்கு முன்னாலை கையைக் கட்டிக்கொண்டுதானே நிண்டனீங்கள்."

"அது மரியாதை."

"அப்ப இது?"

"இது வேறை."

வியாழக்கிழமை வேலை முடிய, பஸ் எடுத்து மிஸ் கரொலிடம் போனோம். ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் கார்டெரி நடத்தும் ஆங்கிலேய அம்மா. கண்ணைப் பார்த்தார். கையைக் குலுக்கினார், என் தோள்மூட்டு வரை ஆடியது. வயது, சம்பளம் ஒன்றும் கேட்கவில்லை. உன்னைத் தூக்கி, "கோர்ஜியஸ், என்ன அழகு, என்ன அழகு" என்று அறை முழுக்கச் சுற்றினார். "இவளை எங்களிடம் வைத்திருக்க எனக்கு எவ்வளவு விருப்பம் தெரியுமா? நான் கூப்பிடுகிறேன்" என்றார். நூற்றுக்கு நூறு போட்டேன்.

"இடம் கிடைச்சிட்டுது" என்றேன் பஸ்ஸில்.

"எப்பயிலிருந்தாம்?"

"கூப்பிடுறன் எண்டு சொன்னவ."

"எங்கடை ஃபோன் நம்பரைக் கேட்டவவோ?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை, கறுத்துப்போன பனிதான்.

வீட்டுக்கு வந்ததும் நீ பால் குடிக்கவில்லை. வீரிட்டு அழுதாய். அம்மா உன்னைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "அந்த மனிசி எத்தினை தரம் வடிவு வடிவு எண்டு சொன்னது. நாவூறு" என்றா. பிள்ளையைப் புகழ்ந்தால் பிள்ளைக்கு வருகிற கெடுதிக்கு நாவூறு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற அம்மாதான். ஆனால் நாவூறு விஷயத்தில் பாதிரியாரையும் நம்பமாட்டா.

உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து உன் தலையைச் சுற்றி, மின்னடுப்பில் தாச்சியை வைத்து அதில் போட்டா. குளிர் என்று ஜன்னல் எல்லாம் பூட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியவில்லை. நெடி கதவுக்குக் கீழால் வெளியேறிப் படி வழியாக மற்ற மாடிகளுக்கும் போனது. பிறகு கட்டடம் முழுவதும் தீ எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது.

உன்னைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, இருமி இருமிப் படியிறங்கும்போது அம்மா என் காதில் சொன்னா: "மிளகாய் இப்பிடி நெடியடிச்சா நாவூறு படேல்லை எண்டு அர்த்தம்."

"என்ன?"

"நாவூறு பட்டிருந்தா நெடியே வராது. அந்த மனிசி மனதாரச் சொல்லேல்லை. சும்மா வாயாலை சொன்னது."

தெருவில் எல்லோரும் செருப்போடும் போர்வையோடும் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கட்டடத்தைப் பார்க்கிற ஜனிட்டர் டக், குளிரிலும் அரைக்காற்சட்டை போடுகிற ஆங்கிலேயர், நேராக மதாம் லானிடம் போனார். மூன்றாம் மாடி நடையில் புகை நின்றதைக் கண்டிருக்கிறார்.

"நீங்கள்தானே? என்ன சமைத்தீர்கள்?"

மதாம் லான் நிலத்தைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரித்தார். "யெஸ், யெஸ்" என்றார்.

டக் தீயணைப்பு வீரரிடம் திரும்பி, "பாருங்கள், ஒத்துக்கொள்கிறார். சிரிக்கவும் சிரிக்கிறார். இப்படிப்பட்டவர் பிள்ளை பார்க்கக் கூடாது. நாளைக்கே மேலிடத்துக்கு அறிவிக்கிறேன்" என்றார்.

இப்போது நான் எழுதப்போவதை அம்மா நம்பமாட்டா. மிளகாய் எங்கள் தாச்சியில் கருகியதை என் கண்ணாலேயே கண்டிருந்தும், ஒரு கணம் நான் டக் சொன்னதை நம்பினேன். சிரிக்கிறாவே, ஏதாவது செய்திருப்பாதானே என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவருடைய கையைக் கண்டேன். கட்டியிருந்த கை சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நிற்பேன். என்ன கேட்டாலும் "யெஸ் சேர்" என்பேன். நிலத்தைத்தான் பார்ப்பேன்.

"மிஸ்டர் டக், அது நாங்கள்" என்றேன்.

"என்ன சமைத்தீர்கள்?"

"சமைக்கவில்லை. மிளகாய் எரித்தோம்."

"ஏன்?"

"ஒரு அம்மா என் மகளை அழகு என்று சொல்லிவிட்டார்."

தீயணைப்பு வீரர் பிரெஞ்சில் கேட்க, நான் அதையே இன்னும் மோசமான பிரெஞ்சில் சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். "அழகு என்றால் நல்லதுதானே?" என்றார் டக். அதற்கு என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. வகுப்பில் அந்தப் பாடம் நடக்கவில்லை. நாலு மாடிச் சனமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மதாம் லான் தலையை நிமிர்த்தினார்.

"பியூட்டிஃபுல், நோ குட்" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "கெட்ட ஆவிக்குக் காது இருக்கு. கேட்டால் பேபிக்குக் காய்ச்சல் வருத்தம் வரும். அதனால் அக்லி சொல்ல வேண்டும்." கிட்டே வந்து, உன் கன்னத்தில் அம்மா கோணலாக வைத்திருந்த பெரிய கறுப்புப் பொட்டைத் தொட்டார். "இதுவும் அதுதானே?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. நான் அந்தப் பொட்டைப் பார்த்தேன். பிள்ளை வடிவாகத் தெரியக் கூடாது என்று பொட்டு வைத்து, புதன்கிழமை அப்படியே கொண்டுபோய்க் காட்டி, வடிவில்லை என்று சொன்னவரோடு சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

தீயணைப்பு வீரர் போர்வைக்குள் எட்டிப் பார்த்து, "அழகே இல்லை" என்று பிரெஞ்சில் மிகுந்த பொறுப்போடு சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். டக் அன்றிலிருந்து என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார்.

வெள்ளிக்கிழமை மிஸ் கரொலுக்கு நானே ஃபோன் எடுத்தேன். "அந்தக் கோர்ஜியஸ் பிள்ளையா, மறக்க முடியுமா" என்றார். இடம் மட்டும் இல்லையாம். அவர் பொய் சொல்லவில்லை. விருப்பம் என்றுதான் சொன்னார், இடம் என்று எங்கேயும் சொல்லவில்லை. அவருக்கு நூறு போட்டவன் நான்தானே.

சனிக்கிழமை மதாம் லானிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். டிலானியைப் பார்ப்பீர்களா என்றும் கேட்டேன். அவர் சிரித்து, "யெஸ், யெஸ்" என்றார்.

"அந்த யெஸ் பாக்கிறன் எண்டோ, நீங்கள் சொன்னது கேட்டது எண்டோ?" என்றா அம்மா. எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு முழுவதும் வீட்டில் அந்த ஒரு சொல்லைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

திங்கட்கிழமை காலை அம்மா ஆஸ்பத்திரிச் சீருடையில், நான் உன்னைத் தூக்கியபடி, கதவைத் தட்டினோம். மதாம் லான் இரண்டு கையையும் நீட்டி உன்னை வாங்கினார். கன்னத்தில் மூச்சு இழுத்தார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இது சோதனை என்று விளங்கியது.

"வெரி அக்லி" என்றேன்.

"வெரி வெரி அக்லி" என்றா அம்மா பின்னால் இருந்து.

அவர் பல் தெரியச் சிரித்தார். அது வேறு சிரிப்பு. "யெஸ், யெஸ்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஜெரோம், நீயும் அந்த வீட்டில்தான் நடை பழகினாய். எங்கள் வீட்டில் யார் புது உடுப்புப் போட்டாலும் 'அக்லி' என்றுதான் சொல்கிறோம். டிலானியின் பட்டமளிப்பு விழாவில் மதாம் லான் எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொல்ல, அவளுடைய சிநேகிதிகள் திகைத்துப்போய் நின்ற படம் அல்பத்தில் இருக்கிறது. படத்தில் டிலானி மட்டும் சிரிக்கிறாள்.

டிலானி, ஒன்று மட்டும் அம்மாவுக்கும் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை அம்மா பஸ்ஸுக்கு ஓடிய பிறகு நான் போகவில்லை. நடையில் ஒருவரும் இல்லை. மதாம் லானின் கதவில் காதை வைத்தேன். உள்ளே நீ அழுதுகொண்டிருந்தாய். அவர் ஏதோ தன் பாஷையில் சொன்னார், ஒரு சொல்லும் விளங்கவில்லை. அழுகை நிற்கும் வரை நிற்பது என்று முடிவு செய்தேன். நின்றேன். நீ நிறுத்தவில்லை. அவரும் கதைத்துக்கொண்டே இருந்தார்.

கதவிலிருந்து காதை எடுத்தேன். நீ இன்னும் அழுதுகொண்டிருக்கும்போதே படியிறங்கி வேலைக்குப் போனேன்.